பின் அச்சில் பொறித்த எண்ணைச் சாணையில் அழிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைச் சீரமைத்து ஓட்டுவோர் நம் பகுதியில் பெருகிவருவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இன்ஜின், சேசிஸ், பாடி ஆகிய மூன்றையும் விரிவாக எழுதிய கட்டுரையாளர், வண்டியின் பின்பாரத்தைச் சுமந்துகொண்டு சக்கரத்தையும் சுழற்றுகிற பின் அச்சைப் பற்றி ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அடியில் படுத்துப் பார்ப்பவர் கண்ணுக்கு மட்டுமே தெரிகிற பாகம் அது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டறை நடத்திவிட்டு, இப்போது வேலையை மகனிடம் ஒப்படைத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, அந்த வரியில் விடுபட்டதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. பழைய பின் அச்சு எந்த வண்டிக்காகச் செய்யப்பட்டது, எந்த விகிதம் கொண்டது என்பதற்கான அடையாளம் அதன் உடம்பிலேயே எழுத்தும் எண்ணுமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரியாமலும், அப்படி ஒன்று இருப்பதே தெரியாமலும், பட்டறைகளிலும் காயலான் கடைகளிலும் அன்றாடம் சாணை பிடித்து அழித்துக்கொண்டிருக்கிறோம்.

விகிதம் என்று நான் சொல்வது, கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான புரப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் என்கிற கணக்கை. அச்சின் நடுவில் குடம்போலப் புடைத்திருக்கும் ஹவுசிங்குக்குள் கிரவுன் வீல் என்னும் பெரிய பல்சக்கரமும் பினியன் என்னும் சிறிய பல்சக்கரமும் ஒன்றையொன்று கவ்வி நிற்கின்றன. கிரவுன் வீலில் 43 பல், பினியனில் 8 பல் என்றால், 43-ஐ 8-ஆல் வகுத்தால் கிடைக்கும் 5.38 அந்த அச்சின் விகிதம். எண் பெரிதாக இருந்தால் இழுவை கூடும், வேகம் குறையும். சிறிதாக இருந்தால் நேர்மாறு. 40-க்கு 10 என்று மீதியின்றி வகுபடும் எண்ணிக்கையை இவற்றில் காண்பது அரிது. 41-க்கு 9, 43-க்கு 11 என்று பொதுக்காரணி இல்லாத எண்களாகவே பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அப்போதுதான் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுன் வீலின் எல்லாப் பற்களோடும் முறைவைத்துச் சேர்ந்து, தேய்மானம் ஓரிடத்தில் குவியாமல் பரவும். இந்தக் கணக்கெல்லாம் உள்ளே மூடிக் கிடக்கிறது. 5.38 விகித அச்சும் 4.88 விகித அச்சும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு தாய் பிள்ளைகள்.

இதை நான் கற்றது கைக்காசைத் தொலைத்துத்தான். 1990-களின் நடுவில், நெய்வேலிப் பக்கம் ஒப்பந்த வேலை பார்த்துவந்த ஒருவர், நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ள தம் ஜீப்பைக் கொண்டுவந்து விட்டார். பின் அச்சின் ஹவுசிங் குழாயில் விரிசல் விட்டு, ஏற்கெனவே யாரோ இரண்டு முறை வெல்டிங் வைத்து, அதுவும் விட்டுப்போயிருந்தது. புதுச்சேரியில் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் வேறொரு ஜீப்பின் முழு அச்சு கிடைத்தது. “ஜீப்புன்னா எல்லாம் ஒண்ணுதாங்க, தூக்கிப் பூட்டுங்க” என்றார் அவர். கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடம் சரியாக இருந்தது, யூ போல்ட் சரியாக இருந்தது, பிரேக் டிரம் சரியாக இருந்தது. எல்லாம் பொருந்திவிட்டதே என்று நானும் பூட்டி அனுப்பிவிட்டேன். வண்டி நன்றாகவே ஓடியது. ஸ்பீடாமீட்டர் குறைத்துக் காட்டுகிறது என்று ஓட்டுநர் மட்டும் ஒருமுறை வந்து சொன்னார். கேபிள் பழசாகியிருக்கும் என்று பதில் சொன்னேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முள் 45-ல் நின்றிருக்கிறது. அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் கேபிள் பழசானால் முள் ஆடுமே தவிர, எல்லா வேகத்திலும் பத்தில் ஒரு பங்கு என்று கணக்காகக் குறைத்துக் காட்டாது.

மூன்றாம் மாதம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அந்த வண்டி மணலில் புதைந்தது. முன் சக்கரத்துக்கும் இழுவையைப் போட்டு வெளியே எடுத்திருக்கிறார்கள். மணலில் ஒன்றும் ஆகவில்லை. தார்ச்சாலைக்கு ஏறிய பிறகும் ஓட்டுநர் முன் இழுவையை விடுவிக்க மறந்து ஓட்டியதில், அரை கிலோமீட்டருக்குள் ஸ்டீயரிங் கல்லாக இறுகி, அடியில் இடி இடித்ததுபோலச் சத்தம் கேட்டு, இழுவையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேசில் ஒரு பல்சக்கரம் உடைந்துவிட்டது. பட்டறைக்கு இழுத்துவந்து இரண்டு அச்சையும் திறந்து எண்ணினேன். முன்னே 43-க்கு 8, நான் பூட்டிய பின் அச்சில் 39-க்கு 8. இவ்வகை ஜீப்பில் முன் இழுவையைப் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுழலும். இரண்டுக்கும் இடையே விட்டுக்கொடுக்க எந்த ஏற்பாடும் கிடையாது. பின் சக்கரம் 10 சுற்றுச் சுற்றும் நேரத்தில் முன் சக்கரம் 9 சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் சுற்றப் பார்க்கும். 25 மீட்டர் போவதற்குள் ஒரு முழுச் சுற்று பாக்கி விழும். மணலில் டயர் சறுக்கி அந்தப் பாக்கி தீர்ந்துபோகும். தாரில் தீர வழியில்லாமல் பல்லில் போய் நிற்கும். உடைந்த பல்சக்கரத்துக்கான பணத்தை நான்தான் கொடுத்தேன், அதுதான் முறை. கழற்றிக் கீழே போட்ட அச்சின் பின்மூடியில், ஒரு போல்ட்டின் தலைக்கு அடியில், கட்டைவிரல் அளவுக்குத் தகடு ஒன்று பெயின்டும் மண்ணும் மூடிக் கிடந்தது. சுரண்டிப் பார்த்தபோது 39 என்றும் 8 என்றும் பளிச்சென்று தெரிந்தது.

அன்று முதல் எந்தப் பழைய அச்சு பட்டறைக்குள் வந்தாலும் அதன் எழுத்தைப் படித்து நோட்டில் எழுதிய பிறகுதான் ஸ்பானரை எடுப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். அந்த நோட்டு இப்போது மூன்றாம் பாகத்தில் இருக்கிறது.

படிப்பதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மேலே புடைத்து நிற்கும் எழுத்துக்கும் உள்ளே குழிந்திருக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடு. புடைப்பு எழுத்து வார்ப்படத்தில் வருவது. உருக்கி ஊற்றும் வார்ப்புருவிலேயே இருப்பதால் அதே எண் ஆயிரக்கணக்கான ஹவுசிங்குகளில் ஒன்றுபோல இருக்கும். அது ஹவுசிங்கின் இனத்தைச் சொல்லும், அதற்குள் போன பல்சக்கரத்தைச் சொல்லாது. அச்சு முழுதாகக் கோக்கப்பட்ட பிறகு சுத்தியலால் பஞ்ச் அடித்துப் பதித்த குழிவு எழுத்துதான் அந்தத் தனி அச்சின் பிறப்புச் சான்றிதழ். நம் ஆட்களில் பலர், பெரிதாக இருக்கிறது, எளிதில் படிக்க வருகிறது என்பதற்காகப் புடைப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, அதை வைத்து உதிரிபாகம் தேடிப் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் அலைகிறார்கள். ஊரார் எல்லோருக்கும் பொதுவான தெருப்பெயரை மட்டும் எழுதிக் கடிதம் போடுவது போன்றதுதான் இது.

குழிவு எழுத்து இருக்கும் இடம் தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும். பெரும்பாலும் ஹவுசிங்கின் இரு பக்கமும் நீளும் குழாயின் மேலோ, குழாய் குடத்தோடு சேரும் இடத்திலோ, ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடத்துக்கு அருகிலோ, பினியன் பக்கத்து விளிம்பிலோ இருக்கும். வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் முகத்தில் பஞ்ச் அடித்திருந்தால், படுத்துக்கொண்டு தேடுபவர் கண்ணுக்கு அது படவே படாது. முகம் பார்க்கும் சிறு கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தேட வேண்டும். கண்ணாடியில் எழுத்து இடவலம் மாறித் தெரியும் என்பதை மறந்து தவறாக எழுதிக்கொண்டு வந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது இப்போது எவ்வளவோ எளிது.

துடைக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன், ஏனென்றால் பெரும் சேதம் இந்த இடத்தில்தான் நடக்கிறது. முதலில் மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி ஓர் இரவு கட்டி வைக்க வேண்டும். பல ஆண்டு ஆயில் கசிவும் புழுதியும் சேர்ந்து இறுகிய மேலோடு மறுநாள் மரச்சீவலால் தள்ளினாலே அடை அடையாக வந்துவிடும். அதன் பிறகு கையால் கம்பி பிரஷ் போடலாம். சாணை மெஷினும் உளியும் கிட்டேயே வரக்கூடாது. பஞ்ச் எழுத்தின் ஆழம் நகக்கண் அளவுதான். சாணைக்கல் ஒரு முறை ஓடினால் துருவோடு எழுத்தும் போய்விடும், போனது திரும்பாது. துரு நீங்கியதும் சாக்பீசைப் பொடித்து அந்த இடத்தில் தேய்த்து, மேலே ஒட்டியதைத் துணியால் ஒற்றி எடுத்தால் குழிக்குள் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சை நேராகக் காட்டாமல் பக்கவாட்டில் சாய்த்துக் காட்ட வேண்டும். அப்படியும் தெளியாவிட்டால், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குச் சேசிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுக்கிறோமே, அதேபோல மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாதது தாளில் தெரியும். கோயில் சுவரில் கல்வெட்டு மைப்படி எடுப்பவர்கள் தூரிகையால் தாளை ஒற்றி ஒற்றி எடுப்பதைத் திருவதிகையில் ஒருமுறை நின்று பார்த்தேன். அவர்கள் காட்டும் பொறுமையில் கால் பங்கு நமக்கு இருந்தால் போதும் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

கடலோரம் என்பதால் நமக்கு ஒரு கூடுதல் தொல்லை உண்டு. முதுநகர்ப் பக்கம் துறைமுகத்தை ஒட்டி நின்ற வண்டிகளில் உப்புக்காற்று பட்ட முகம் செதில் செதிலாக உதிர்ந்து, 3-க்கும் 8-க்கும், ஆங்கில எஸ்ஸுக்கும் 5-க்கும், பீக்கும் 8-க்கும் வேறுபாடு தெரியாமல் போயிருக்கும். ஐயமான எழுத்தை ஊகித்து நிரப்பாமல் கேள்விக்குறி போட்டு வைப்பதுதான் நேர்மை. ஒரு எழுத்து மாறினால் வேறு அச்சு.

நம் சாலைகளில் அதிகம் ஓடிய அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரிலிருந்து வந்தது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. அதன் மூலக் குடும்பமான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கார்களில் அச்சுக்குத் தொடர் எண் கொடுத்து, அதைக் குழாயின் மேல் பஞ்ச் செய்யும் வழக்கம் இருந்தது. எம்.ஜி.பி. காரில் அதை இடப்பக்க ஸ்பிரிங் அருகே பார்க்கலாம். ஆனால் வெறும் தொடர் எண் விகிதத்தைச் சொல்லாது. அதே குடும்பத்து மாரிஸ் மைனரில் 948 சி.சி. இன்ஜினோடு 41-க்கு 9, அதாவது 4.55 விகிதம் வந்தது, 1098 சி.சி. இன்ஜின் வந்தபோது 38-க்கு 9, அதாவது 4.22 ஆனது. இரண்டையும் தூக்கி எதிரெதிரே வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ஆங்கிலேயர் எண் போட்டது கணக்குப்பிள்ளையின் பேரேட்டுக்காகவே தவிரப் பழுதுபார்ப்பவனுக்காக அல்ல என்பது என் நெடுநாள் எண்ணம்.

ஜாகுவார் கார்களுக்கு அச்சு செய்த சாலிஸ்பரி நிறுவனம் இதில் பரவாயில்லை. மூடியின் போல்ட்டில் தொங்கும் தகட்டில் பல் எண்ணிக்கையையே எழுதிவைத்தார்கள். 46/13 என்றிருந்தால் 3.54, 49/13 என்றிருந்தால் 3.77, வகுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஜீப்புகளில் வரும் டானா அச்சில் ஹவுசிங்கின் விலா எலும்புபோன்ற பகுதியில் 44 என்று புடைப்பு எண் இருந்தால் அது அந்த அச்சின் மாடல்; குழாயில் பஞ்ச் செய்த நீண்ட எண் அதன் உறுப்புகளின் பட்டியல் எண்; விகிதம் தகட்டிலும், தகடு தொலைந்திருந்தால் கிரவுன் வீலின் விளிம்பிலும் இருக்கும். தகடு தொலைவது எப்படி என்று கேட்டால், ஆயில் மாற்றுபவர் மூடியைத் திரும்பப் போடும்போது தகட்டைத் துருப்பிடித்த வாஷர் என்று நினைத்து எறிந்துவிடுகிறார். என் பட்டறையிலேயே நடந்திருக்கிறது.

அமெரிக்கக் கார்கள் நம் பக்கம் குறைவு. ஆனாலும் முறை என்றால் அவர்களுடையதுதான் முறை. 1960-களின் செவர்லே கார்களில் வலப்பக்கக் குழாயின் முன்முகத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகளும், அவற்றை அடுத்து மாதமும் தேதியுமாக எண்களும், செய்த தொழிற்சாலைக்கு ஓர் எழுத்தும் இருக்கும். இரண்டு எழுத்துக் குறியைப் பட்டியலில் பார்த்தால் விகிதம் தெரிந்துவிடும். ஆனால் அதே குறியை வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு விகிதத்துக்குக் கொடுத்திருப்பதால் ஆண்டு தெரியாமல் பட்டியலைத் திறப்பது வீண். பஞ்சில் ஆண்டு இருக்காது. ஹவுசிங்கின் வார்ப்படத் தேதியில் இருக்கும். அங்கே மாதத்துக்கு ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து, பிறகு தேதி, பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். சி, 14, 7 என்றிருந்தால் 1967 மார்ச் 14. கார் தயாரான நாளுக்குப் பிந்திய தேதி அச்சில் இருந்தால், அந்த அச்சு வேறொரு காரிலிருந்து வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஃபோர்டு கார்களின் தகட்டில் 3 எல் 50 என்பதுபோல ஒரு குறி வரும். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எல் வந்தால், விகிதம் 3.50 என்பதோடு, ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினாலும் மற்றதற்கு இழுவை போகும்படி செய்த டிஃபரன்ஷியல் (வளைவில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) அது என்று பொருள்.

வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் குழாயோடு கூடிய முழு அச்சே கிடையாது. டிஃபரன்ஷியல் சேசிஸோடு பூட்டப்பட்டு நிற்க, இரு பக்கத்து அரை அச்சுகளும் சிறகுபோல மேலும் கீழும் ஆடும். அதே நிறுவனத்திலிருந்து பின்னாளில் வந்த கேசல் காரில்தான் விறைப்பான முழு அச்சைப் போட்டார்கள். ஆகவே “ஸ்டாண்டர்டு அச்சு” என்று மட்டும் சொல்லி யாரும் விற்கவோ வாங்கவோ கூடாது. புதுச்சேரியில் நான் பார்த்த ஒரே ப்யூஜோ 403 இன்னும் வேறு மாதிரி. அதில் கிரவுன் பினியனுக்குப் பதிலாகத் திருகுபோன்ற தண்டும் வெண்கலப் பல்சக்கரமும் இருந்தன. அப்படிப்பட்ட அச்சில், வழக்கமான 90 நம்பர் ஆயில்தானே என்று கண்டதையும் ஊற்றினால் வெண்கலம் கெடும். ஆமணக்கு எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட ஆயிலைத்தான் அதற்குச் சொல்லியிருந்தார்கள். அதே ஊரில் சித்ரோன் டிராக்‌ஷன் கார் வைத்திருந்த ஒருவர் பின் அச்சின் நம்பர் எங்கே இருக்கிறது என்று என்னைத் தொலைபேசியில் கேட்டார். அது முன் சக்கர இழுவை வண்டி. பின்னால் கிரவுன் வீலே கிடையாது என்று சொன்னபோது சிறிது நேரம் பேச்சே காணோம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, பொறித்த எழுத்தை அப்படியே நம்பவும் கூடாது என்று சொல்வது முரணாகத் தோன்றலாம். எழுத்து சொல்வது அச்சு பிறந்தபோது இருந்த நிலையை. ஐம்பது ஆண்டுகளில் உள்ளே எத்தனை பேர் கை வைத்தார்களோ யாருக்குத் தெரியும்? ஆகவே எழுத்தைப் படித்த பிறகு சுற்றியும் எண்ண வேண்டும். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின் சக்கரத்தில் ஒன்றை மட்டும் தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காமல் ஸ்டாண்டு வைத்துக்கொள்ள வேண்டும். டயரிலும் புரப்பெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீசால் ஒவ்வொரு கோடு போட்டு, ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, மற்றவர் ஷாஃப்டின் சுற்றை எண்ண வேண்டும். ஒரு சக்கரம் தரையில் நிற்க மற்றது மட்டும் சுற்றினால், கிரவுன் வீல் அதில் பாதிதான் சுற்றும் என்பதால், சக்கரத்தின் இரண்டு சுற்றுக்கு ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுவே விகிதம். இரண்டு சுற்றோடு நிறுத்தினால் 4.22-ம் 4.55-ம் குழம்பிப்போகும், 20 சுற்று சுற்றினால் ஒன்று 42-ஐக் கொஞ்சம் தாண்டி நிற்கும், மற்றது 45-ஐயும் தாண்டி அரைச் சுற்று போகும். தூக்கிய சக்கரம் சுற்றவே மறுத்தால், பிரேக் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முன்சொன்ன எல் வகை டிஃபரன்ஷியலாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

திறந்தே பார்ப்பது என்றானால் இன்னும் இரண்டு எழுத்துகள் உள்ளே காத்திருக்கின்றன. கிரவுன் வீலும் பினியனும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்து ஜோடி சேர்க்கப்பட்டவை. அதற்கு அடையாளமாக இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறியிருப்பார்கள். ஜோடியைப் பிரித்து, ஒரு கடையில் கிரவுனும் இன்னொரு கடையில் பினியனும் வாங்கிப் போட்டால், பல் எண்ணிக்கை சரியாகவே இருந்தாலும், 40 கிலோமீட்டர் வேகம் தாண்டியதும் கிரவுன் சத்தம் ஊளையிட ஆரம்பித்துவிடும். பினியனின் தலையில் கூட்டல் 2, கழித்தல் 1 என்பதுபோல இன்னொரு குறி இருக்கும். அது அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு உள்ளேயோ வெளியேயோ அந்தப் பினியன் உட்கார வேண்டும் என்பதற்கான கணக்கு. ஷிம் என்னும் மெல்லிய இடைத்தகட்டை வைப்பது அதைப் பார்த்துத்தான். கூட்டல் குறியை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டு, பழைய ஷிம்மையே திரும்ப வைத்துப் பூட்டி, ஆயில் சரியில்லை என்று பழி போடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகியபோது, மூழ்கிக் கிடந்த பழைய வண்டிகள் பல எங்கள் பட்டறைக்கு வந்தன. அச்சின் மேலுள்ள சிறு மூச்சுக்குழல் வழியாக வெள்ளநீர் உள்ளே போயிருந்ததால் திறந்தவுடன் ஆயில் பால் டீ நிறத்தில் கொட்டியது. எல்லாவற்றையும் கழுவி, பேரிங் மாற்றி, ஆயில் சீல் மாற்றிப் பூட்டினோம். திறந்தது திறந்ததுதான் என்று ஒவ்வொன்றின் பல்லையும் எண்ணி, வெளி எழுத்தோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதச் சொன்னேன். அப்போதுதான் வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக எத்தனை வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன என்று என் மகனுக்கே உறைத்தது.

அரசாங்கத் தாளில் இந்த அச்சுக்கு இடமே இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் நம்பர் இருக்கிறது, இன்ஜின் நம்பர் இருக்கிறது. ஐம்பது ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு வி.ஏ. என்ற தனி வரிசையில் பதிவெண் கொடுக்க மத்திய அரசு 2021-ல் விதி செய்தபோதும், பழைய வடிவம் மாறாமல் இருக்க வேண்டும் என்று சேசிஸையும் பாடியையும் இன்ஜினையும்தான் பேசியது. அச்சு எண்ணையும் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் இப்போதே வரிசை போதும். பட்டறைக்காரர்கள் அச்சு வேலைக்குப் பில் போடும்போது பொறித்த எண்ணையும் பல் எண்ணிக்கையையும் ஒரு வரி சேர்த்து எழுதினால் போதும். வண்டி வாங்குபவர்கள் சேசிஸ் பிரிண்ட் எடுக்கும் அன்றே இன்னொரு தாளில் அச்சு எண்ணையும் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளலாம். காயலான் கடை நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய அச்சை எடைக்கு வெட்டுவதற்கு முன் எழுத்துள்ள இடத்தை மட்டும் கைபேசியில் படம் எடுத்துவையுங்கள். தேவைப்படுபவர் தேடி வந்தால் இரும்பு விலையைக் காட்டிலும் நல்ல விலை கொடுத்து முழு அச்சாகவே வாங்கிப் போவார். தொழிற்பயிற்சி நிலைய மாணவர்கள் யாராவது விரும்பினால் என் மூன்று நோட்டுகளையும் வந்து பார்த்துப் படி எடுத்துக்கொள்ளலாம், தடை இல்லை.

இந்தக் கடிதத்தை எழுதும் இன்றும் எங்கள் தெருமுனைக் கடையில் வெட்டுவதற்காக மூன்று ஹவுசிங்குகள் கிடக்கின்றன. இரண்டுக்குப் பிரிண்ட் எடுத்துவிட்டேன். மூன்றாவது, எழுத்து இருக்கும் முகம் மண்ணில் படும்படி குப்புறக் கிடக்கிறது. புரட்ட நான்கு ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரை வெட்ட வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லி, அடையாளத்துக்குச் சாக்பீசால் ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
மஞ்சக்குப்பம், கடலூர்.